வாபஸ் வாங்காத குரல்

பார்சல் கத்தியது.

"ஏனுங்க, யாராச்சும் இருக்கீங்களா? எத்தனை தடவைங்க சொல்றது? நான் சொன்னதை எழுதிக்கிட்டீங்களா, இல்லையா?"

தபால்காரர் மயில்சாமி அதை அப்படியே கீழே போட்டுவிட்டுப் பின்வாங்கினார். கோதை டிரைவிங் ஸ்கூல் மைதானத்தில் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்த மாணவர் பதறிப்போய், பிரேக்குக்குப் பதில் ஆக்சிலரேட்டரை மிதித்தார். கார் பின்னால் பாய்ந்து, எல்லை காட்டுவதற்காக வரிசையாக நிறுத்தியிருந்த பச்சைப் பாட்டில்களை நசுக்கிக்கொண்டு நின்றது.

பூங்கோதை பக்கத்து இருக்கையிலிருந்து நிதானமாக இறங்கினாள்.

"பரவால்லீங்க. பாட்டில் மேல ஏத்துனா என் ஸ்கூல்ல திட்டு கிடையாது. செவுத்துல ஏத்துனாத்தான் திட்டு."

மயில்சாமி பார்சலைக் காலால் தள்ளிப் பார்த்தார். "ஏம்மா, உள்ள ஆளா இருக்குது?"

"ஆளில்லீங்கண்ணா. புகார்."

"புகார் பேசுமா?"

"நீங்க எந்தப் பொருளுக்காச்சும் நுகர்வோர் புகார் கொடுத்திருக்கீங்களா?"

"எங்கேம்மா, வீட்ல சொல்ற புகாரைக் கேக்கவே நேரம் பத்தறதில்லை."

பூங்கோதை சிரிக்கவில்லை. அட்டைப் பெட்டியைக் கிழித்து, உள்ளேயிருந்த டிபன் பாக்ஸ் அளவுக் கருவியை எடுத்தாள். வழியில் எங்கோ அதன் பொத்தான் அழுந்தியிருக்கிறது.

"புகார் கொடுக்கப் போனா மெசின் முன்னாடி உக்கார வச்சு, நடந்தது பூராத்தையும் கேக்கும். அதை வச்சு அவங்களை மாதிரியே ஒரு குரலைப் பண்ணி வச்சுக்குவாங்க. அப்பறம் ஆபீசருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் அந்தக் குரலைக் கேட்டா பதில் சொல்லும். ஆளை மறுபடி மறுபடி அலைய விட வேண்டாம்னு அரசாங்கம் கொண்டாந்தது."

"அப்ப இது யாரு?"

"அதான் தெரியாது. பேரு, ஊரு, குரல் எல்லாத்தையும் மறைச்சுத்தான் கொடுப்பாங்க."

ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாதபடி, ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரிச் சமமான குரல். பேச்சு மட்டும் பக்கத்துத் தெருக்காரர் பேச்சு.

"யாருங்க பேசறது? ஆபீசரம்மாவா?" என்றது பெட்டி.

"இல்லீங்க. என் பேரு பூங்கோதை. தகவல் உரிமை மனு போட்டு உங்களைக் கேட்டு வாங்குனேன்."

"எதுக்குங்க?"

"நூறாயுள் கசாயம் குடிச்சு என் வீட்டுக்காரர் செத்துப் போயிட்டாருங்க."

பெட்டி, "அப்ப இன்னும் வித்துட்டுத்தான் இருக்கறாங்களா?" என்றது.

மயில்சாமி கையெழுத்து வாங்கக்கூட மறந்து நடையைக் கட்டினார்.

*

சென்னியப்பனுக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே சர்க்கரை. சாதாரணச் சர்க்கரை இல்லை. ஊசி போட்டால்தான் உயிர் என்ற வகை. அதைப்பற்றி அவன் கவலைப்பட்டதில்லை. "உங்கக்கா கிட்டக் குத்து வாங்கறதுக்கு இது தேவலாம்" என்று மச்சினனிடம் சொல்லிக்கொண்டே ஊசியை வயிற்றில் குத்திக்கொள்வான்.

நூறாயுள் விளம்பரம் அவனைப் பிடித்தது. டாக்டர் ராசப்பன் வெள்ளை வேட்டியில் வந்து, மாலை போட்ட ஒரு பெரியவர் படத்தின் முன் நின்று, கலங்கிய கண்ணுடன் சொல்வார்: "ஊசியைத் தூக்கி எறியுங்கள். என் அய்யன் இதைக் குடித்துத்தான் தொண்ணூற்றெட்டு வயதுவரை வாழ்ந்தார்." டாக்டர் பட்டம் ஏதோ ஒரு தீவில் இருக்கும் பல்கலைக்கழகம் கொடுத்தது. அந்தப் பெரியவரின் படம்தான் ஒவ்வொரு பாட்டிலிலும். தலைப்பாகை, நரைத்த மீசை, ஒரு காதில் மட்டும் சிவப்புக்கல் கடுக்கன். படம் வரைந்தவன் இன்னொரு காதை மறந்துவிட்டான் என்று சென்னியப்பன் கேலி செய்வான்.

ஊசியை நிறுத்தினான். அந்த வாரமே போய்விட்டான்.

பூங்கோதை வழக்குப் போட்டாள். நிறுவனம் ஒரு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. கசாயத்தால் தீங்கு என்று அதற்குமுன் எந்த ஒரு புகாரும் எங்கள் கவனத்துக்கு வந்ததே இல்லை. கீழே ராசப்பனின் கையெழுத்து. முன்கூட்டித் தெரியாத ஒன்றுக்கு எப்படித் தண்டிப்பது என்று வழக்குத் தள்ளுபடியானது.

அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். வாசலில் ராசப்பன் நிருபர்களிடம் சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"அந்தச் சகோதரி மேல் எனக்குக் கோபம் இல்லை. துக்கத்தில் இருக்கிறார். அவர் உடல்நலத்துக்காக ஒரு வருடத்துக்கு நூறாயுள் இலவசமாக அனுப்பச் சொல்லியிருக்கிறேன்."

அனுப்பவும் செய்தார். பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. பூங்கோதை ஒன்றைக்கூடத் திருப்பி அனுப்பவில்லை. மைதானத்தில் கோடு போட்ட இடங்களில் எல்லாம் பாட்டில்களை நிறுத்தி வைத்தாள். கார்கள் தாமாகவே ஓடப் பழகிவிட்ட காலத்திலும், பர்கூர் மலைக்கும் தாளவாடிக்கும் ஏற வேண்டுமென்றால் கையால் ஓட்டத் தெரிந்த லைசென்ஸ் கேட்டார்கள். அதற்காக வருகிறவர்கள் தினமும் அந்தப் பெரியவரின் முகத்தின்மேல் சக்கரத்தை ஏற்றினார்கள். அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். போதவில்லை.

பிறகுதான் மனு போட்டாள். ஒரே கேள்வி. என் கணவர் சாவதற்கு முன், நூறாயுளின் மருத்துவ வாக்குறுதி பொய் என்று யாராவது புகார் கொடுத்திருக்கிறார்களா?

பதில், கத்திக்கொண்டே வந்து சேர்ந்தது.

*

நுகர்வோர் குரல் காப்பகத்தின் தகவல் அதிகாரி பெனடிக்ட், வழுக்கைத் தலையை மின்விசிறிக்கு நேராகக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒரே ஒரு புகார்தாம்மா. ரொம்பப் பழசு, கம்பெனிக்கு வேற முதலாளி இருந்த காலத்துது. வாபஸ் வாங்கிட்டாரு. கோப்பு மூடியாச்சு."

"வாபஸ் வாங்குனவர் குரல் எப்படிங்க இன்னும் கத்திட்டு இருக்குது?"

"அது எங்க ஆபீஸ் விதி." பெனடிக்ட் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "குரலை அழிக்கணும்னா கையெழுத்து மட்டும் பத்தாது. புகார்தாரர் நேர்ல வந்து, அந்த ரூம்ல உக்காந்து, தன் குரல் கிட்டயே 'எனக்குத் திருப்தி'ன்னு சொல்லணும். குரல் 'சரி'ன்னா அழிச்சிடுவோம்."

"வந்தாங்களா?"

"பணமோ பங்கோ வாங்கிட்டுக் கம்பெனிக்காரன் கிட்டப் பேசி முடிச்சவங்க ஒருத்தர்கூட வந்ததில்லை. பாதிப் பேரு கையெழுத்தோட குரலும் அழிஞ்சு போச்சுன்னு நினைச்சுக்குவாங்க. வாசல் வரைக்கும் வந்தவங்க உண்டு. கதவைத் திறந்தா உள்ள தன் குரலே அழுதுட்டு இருக்கும். அப்படியே திரும்பிப் போயிடுவாங்க. கையெழுத்துப் போடறது சுலபம்மா. தன் மூஞ்சியைப் பாத்துத் தானே பொய் சொல்றதுதான் கஷ்டம்."

பூங்கோதையின் கை பெட்டியை இறுக்கிப் பிடித்தது.

"அப்ப இந்தாளு முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டாரு. வாங்கித் தின்னுட்டு வாயை மூடிக்கிட்டாரு. இவரு மூடாம இருந்திருந்தா என் வீட்டுக்காரர் உசுரோட இருந்திருப்பாரு."

"இருந்திருக்கலாம்."

"யாருங்க அவரு?"

"சொல்ல முடியாது."

"கம்பெனியை முடிச்சிட்டு அடுத்தது அவரைத்தான் முடிக்கப் போறேன். பேரைச் சொல்லுங்க."

"நீங்க கேட்டா நுகர்வோர் ஆணையமே சொல்லாதும்மா. புகார்தாரர் பாதுகாப்பு. யார் மேல புகாரோ, அவங்க கேட்டா மட்டும் மறைப்பை எடுப்பாங்க. நம்ம மேல குத்தம் சொல்றது யாருன்னு தெரிஞ்சுக்க அவங்களுக்கு உரிமை இருக்கில்ல? ஆனா எந்தக் கம்பெனியும் கேக்காது. பேரு வந்தா ஆளு வருவாரு, ஆளு வந்தா டி.வி. வரும்."

"இந்தப் புகார் கம்பெனிக்குத் தெரிஞ்சுதான் இருந்துச்சுன்னு ஆணையத்துல காட்டுனா?"

"பிரமாணப் பத்திரம் பொய்னு ஆயிடும். உங்க கேஸ் மறுபடி திறக்கும். லைசென்ஸ் போகும், ராசப்பன் உள்ள போவாரு. ஆனா பேரில்லாத ஒரு குரலை வச்சு அதெல்லாம் நடக்காது. வக்கீல் ஊதித் தள்ளிடுவாரு."

அவள் எழுந்தாள். பெனடிக்ட் தயங்கினார்.

"ஒண்ணு மட்டும். அது கிட்ட நீ வாபஸ் வாங்கிட்டேன்னு சொல்லிடாதீங்க. அதுக்கு எல்லாம் நேத்து நடந்த மாதிரி. அப்பன் செத்த ஈரம் இன்னும் காயலை."

*

பெட்டியைக் காரின் முன்பக்கம் வைத்துக்கொண்டு பவானி ரோட்டில் ஓட்டினாள். பேச வைக்க வேண்டும். பேச்சில் எங்காவது ஆள் சிக்குவான்.

"அக்கா, உங்களை அக்கான்னு கூப்பிடலாமுங்களா?"

"உங்களுக்கு என்ன வயசு?"

"முப்பத்தொண்ணுங்க."

புகார் கொடுத்தபோது முப்பத்தொன்று; இன்றைக்கு அந்த ஆளுக்கு எத்தனையோ. "கூப்பிடுங்க," என்றாள். "உங்க அய்யனைப் பத்திச் சொல்லுங்க."

"எங்கய்யன் மூட்டை தூக்குனவருங்க. மஞ்ச மண்டியில. 'கிர்ர்' ஊர்ல." ஊர்ப் பெயர் வருகிற இடத்தில் பெட்டி பல்லைக் கடிப்பது மாதிரி ஒரு சத்தம் போட்டது. "சக்கரை இருந்துச்சு, ஊசியும் போட்டுட்டு இருந்தாரு. நாந்தானுங்க அந்தக் கசாயத்தை வாங்கியாந்து கொடுத்தேன். ஊசி வேண்டாம்னு போட்டிருந்துச்சு. அவருக்கும் ஊசின்னா பயம். முதல்ல வாந்தி. அப்பறம் மேல்மூச்சு கீழ்மூச்சு. மூச்சுல ஒரு வாசம்..."

"பழம் அழுகுன வாசம்," என்றாள் பூங்கோதை.

"ஆமாங்க்கா."

"வாழைப்பழம் கனிஞ்சு கறுத்துப் போனா வருமே, அது."

"ஆமாங்க."

கார் காலிங்கராயன் வாய்க்கால் பாலத்தைத் தாண்டியது. எதிரியாக நினைத்து ஏற்றிக்கொண்டு வந்த ஒன்று பங்காளியாகிக்கொண்டிருப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சுதுங்க. நான் நேரா கசாயக் கம்பெனிக்குப் போனேன். அந்த முதலாளி ஏசி ரூம்ல உக்காந்துட்டு, உங்கய்யனுக்கு நேரம் வந்திருச்சு தம்பிங்கறான். அக்கா, அவனைச் சும்மா விடக்கூடாதுங்க. நடு ரோட்ல நிக்க வைக்கோணும். அவன் பாட்டிலை அவனே குடிக்கோணும். ஊரே பாக்கோணும்."

"பாக்கும்."

"என் புகாரை எடுத்துட்டாங்களா? நடவடிக்கை ஏதாச்சும்?"

"நடந்துட்டு இருக்குதுங்க," என்றாள். அந்தப் பொய் சுலபமாக வந்தது. கொஞ்ச தூரம் போன பிறகு கேட்டாள்: "ஒருவேளை அந்த முதலாளி உங்களைக் கூப்பிட்டு, நிறையக் கொடுக்கறேன், வாபஸ் வாங்கிக்கன்னா என்ன பண்ணுவீங்க?"

பெட்டி சீறியது. "என்ன பேச்சுங்க்கா இது? எங்கய்யன் பொணத்து மேல இலை போட்டுச் சாப்பிடச் சொல்றீங்களா? செருப்பாலயே அடிப்பேன். அவனையும் அடிப்பேன், வாங்குனா என்னையும் அடிச்சுக்குவேன்."

அடிக்கத்தான் போகிறேன், நீ யாரென்று தெரியட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

"கோவிச்சுக்காதீங்க. அய்யன் பாக்க எப்படி இருப்பாரு?"

"நல்ல உசரமுங்க. தலைப்பா கட்டுனா மிராசுதார் மாதிரி இருப்பாரு. ஒத்தக் கடுக்கன்." குரலில் சிரிப்பு வந்தது. "ஜோடியாத்தான் இருந்துச்சு. 'கிர்ர்' வாய்க்கால்ல குளிக்கறப்ப ஒண்ணு கழண்டு போயிருச்சு. இன்னொண்ணைக் கழட்டுங்கய்யான்னா கேக்க மாட்டாரு. வாய்க்கால் என்னைக்காச்சும் திருப்பிக் கொடுக்கும்டா, அன்னைக்கு ஜோடி வேணுமில்லம்பாரு. சிவப்புக்கல்லுங்க. வெயில் பட்டா..."

பூங்கோதை பிரேக்கை மிதித்தாள். பின்னால் வந்த தானியங்கி லாரி தன் பாட்டுக்கு விலகிப் போனது.

பின்சீட்டில் மைதானத்துக்கு எடுத்துப் போக வைத்திருந்த நூறாயுள் பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதி உருண்டன. ஒன்று முன்னால் வந்து அவள் காலடியில் கிடந்தது. எடுத்தாள். திருப்பினாள். வெகுநேரம் பார்த்தாள்.

"என்னாச்சுங்க்கா?"

"ஒண்ணுமில்லீங்க. நாய் குறுக்க வந்துருச்சு."

பாட்டிலைத் துடைத்து, உடையாமல் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

*

அடுத்த நாள் ஆணையத்துக்கு மேல்முறையீடு போனது. இரண்டு கோரிக்கைகள். பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட ராசப்பன் நேரில் வர வேண்டும். புகார்தாரரின் பெயரும் குரலும் எக்காரணம் கொண்டும் வெளியாகக் கூடாது.

பெனடிக்ட் அதைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அன்னைக்குப் பேரைச் சொல்லுன்னு என் மேசையைத் தட்டுனீங்க. இன்னைக்கு வெளிய விடாதீங்கங்கறீங்க."

"ஒரு வண்டியை உள்ள விடோணும்னா சில சமயம் பின்னாடி எடுக்கோணுமுங்க சார்."

அவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தன் கணினியைத் திறந்து, யாரும் பார்க்கக்கூடாத கோப்பில், அந்தப் புகார்தாரரின் பெயரைப் பார்த்தார். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். மறுபடி கழற்றினார்.

"எனக்கு எதுவும் தெரியாது," என்றார்.

"எனக்கும் தெரியாதுங்க."

"கம்பெனிக்கு நோட்டீஸ் போயிருக்கு. அவங்க லீகல் செக்‌ஷன்ல எந்த நோட்டீஸ் போனாலும் ஒரே பதில். படிக்கறதே இல்லை. மறுக்கிறோம்னு அச்சடிச்சு வச்சிருக்காங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "அம்மா, நியாயம் கிடைக்கும். ஆனா அந்தப் பெட்டியை நினைச்சுப் பாத்தீங்களா? அது இதைத் தாங்குமா?"

"என் வீட்டுக்காரர் ஒரு வாரம் தாங்குனாரு சார். இது ஒரு நிமிசம் தாங்காதா?"

*

விசாரணை நாளில் மண்டபம் நிரம்பியிருந்தது. ராசப்பன் தன் கேமராக்காரர்களையும் கூட்டி வந்திருந்தார். அடுத்த வாரம் சிறுநீரகத்துக்கு ஒரு கசாயம் வெளியிடப் போகிறார். பாதிக்கப்பட்ட பெண்ணின் முன்னால் பொறுமையாக உட்கார்ந்திருக்கும் முதலாளி நல்ல படம்தான். எல்லோருக்கும் கும்பிடு போட்டுவிட்டு, மடியில் ஒரு பாட்டிலை முகம் தெரியும்படி நிறுத்திக்கொண்டார். பேசுவதை எல்லாம் வக்கீல் திருவேங்கடத்திடம் விட்டுவிட்டார்.

உள்ளே வரும்முன் காரில் பெட்டி கேட்டிருந்தது: "அவன் வருவானாங்க்கா?"

"வர்றான்."

"என்னைக் கொண்டுபோய் அவனுக்கு நேரா வைங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

"அதுக்குத்தானுங்க கூட்டிட்டுப் போறேன்," என்று சொல்லிப் பொத்தானை அணைத்தாள். அணைத்த பிறகும் விரல் அங்கேயே இருந்தது. தம்பி ஒருத்தனைத் தானே கொண்டுபோய் ஒப்படைப்பது மாதிரி இருந்தது. சென்னியப்பனின் மூச்சை நினைத்துக்கொண்டாள். விரலை எடுத்தாள்.

இப்போது பெட்டி, ஆணையர் வனஜாவின் மேசையில், அணைந்தபடி இருந்தது.

"முன்கூட்டியே ஒரு புகார் வந்திருந்தது என்பதற்கு இந்தக் குரல் சாட்சி என்கிறீர்கள்," என்றார் ஆணையர். "புகார்தாரர் யார் என்று உங்களுக்குத் தெரியுமா?"

"வசதி இல்லாதவருங்க அம்மா," என்றாள் பூங்கோதை. குரலைக் கொஞ்சம் நடுங்க விட்டாள். "அவர் பேரை மட்டும் யாரும் கேக்க வேண்டாமுங்க. பயந்தவரு. பேரு வெளிய வந்தா அவர் பொழப்பே போயிரும்."

வக்கீல் திருவேங்கடம் நிமிர்ந்தார். எதிராளி மறைக்க விரும்பும் இடம் எங்கே என்று அவருக்கு மூக்கு வேர்க்கும்.

"அம்மா பயப்படுவது புகார்தாரருக்காகவா, தனக்காகவா? ஏதாவது ஸ்டூடியோவில் ஒரு நடிகரைப் பிடித்துப் பதிவு செய்திருந்தால்?"

"அப்படியெல்லாம் இல்லீங்க."

"அப்படியானால் பெயரைச் சொல்வதில் என்ன சங்கடம்?"

"வேண்டாமுங்க சார். உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்."

கும்பிட்டாள். கேமராக்கள் அதைப் பிடித்துக்கொண்டன. மூலையில் நின்ற பெனடிக்ட் தரையைப் பார்த்தார்.

திருவேங்கடம் ஆணையரின் பக்கம் திரும்பினார். "என் கட்சிக்காரர் மீது குற்றம் சொல்வது யார் என்று அறியும் உரிமை அவருக்கு உண்டு. மறைப்பை நீக்கி, அசல் குரலிலேயே பேச வைக்க வேண்டும் என்று கோருகிறோம்."

"இது தீவிரமான கோரிக்கை," என்றார் ஆணையர். "ஒருமுறை நீக்கினால் மறுபடி மறைக்க முடியாது. வக்கீல் கேட்டால் போதாது. சம்பந்தப்பட்டவரே கையெழுத்திட்டுக் கேட்க வேண்டும்."

வக்கீல் ராசப்பனின் காதில் குனிந்தார். ராசப்பன் பூங்கோதையைப் பார்த்தார். குனிந்த தலை, கூப்பிய கை. அவருக்குத் திருப்தி. கேமரா தன் பக்கம் திரும்பும்வரை காத்திருந்து, பையிலிருந்து பேனாவை எடுத்து, நீண்ட வால் வைத்த கையெழுத்தைப் போட்டார். கையெழுத்துப் போடுவதில் அவர் என்றைக்குமே தயங்கியதில்லை.

பூங்கோதை கையை இறக்கினாள். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்து ஒரு பச்சைப் பாட்டிலை எடுத்துத் தன் மடியிலும் முகம் தெரியும்படி வைத்துக்கொண்டாள். இரண்டு மடிகளிலிருந்தும் அந்த ஒற்றைக் கடுக்கன் பெரியவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்.

ராசப்பன் அதைக் கவனித்தார். முதலில் புன்னகைத்தார். பிறகு புன்னகை மெதுவாக நின்றது.

பெனடிக்ட் மேசைக்கு வந்து, பெட்டியில் தன் கட்டைவிரலை வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது.

"வணக்கமுங்க," என்றது பெட்டி. ரயில்வே ஸ்டேஷன் போய்விட்டது. ஒரு வாலிபனின் குரல், மூக்கடியில் லேசாகக் கரகரக்கிற குரல். அதை அந்த மண்டபத்தில் இருந்த எல்லோரும் எங்கேயோ, தினமும், கேட்டிருந்தார்கள். "இப்பவாச்சும் கேப்பீங்களா? எங்கய்யன் ஈரோட்டு மஞ்ச மண்டியில மூட்டை தூக்குனவருங்க. நூறாயுள் குடிச்சு அம்பத்தெட்டு வயசுல செத்தாரு. சாகறப்ப தண்ணி தண்ணின்னு..."

கேமராக்காரர்கள் பெட்டியை விட்டுவிட்டு வேறு பக்கம் திரும்பத் தொடங்கினார்கள். வக்கீல் திருவேங்கடம் தன் கட்சிக்காரரைப் பார்த்தார். கையில் இருந்த பேனா மூடி கீழே விழுந்து உருண்டது.

"...என் கையைப் பிடிச்சுட்டு, இதை வித்தவனை விட்டுராத ராசான்னாருங்க. கடைசிப் பேச்சு அதுதானுங்க. நான் விடமாட்டேனுங்க. அவன் இங்க இருக்கறானுங்களா? அவனை எழுந்து நிக்கச் சொல்லுங்க."

ராசப்பன் எழுந்து நின்றிருந்தார். மடியிலிருந்து விழுந்த பாட்டில் உடைந்து, தெறித்த கசாயம் வெள்ளை வேட்டியில் வழிந்துகொண்டிருந்தது. விளம்பரத் தமிழ் எங்கோ போய்விட்டது.

"நிறுத்துங்க. போதும், நிறுத்துங்க சாமி. எங்கய்யனைப் பத்திப் பேச வேண்டாமுங்க."

பெட்டி சட்டென்று பேச்சை நிறுத்தியது.

பூங்கோதை காத்திருந்தாள். இந்த நிமிஷத்துக்காகத்தான் அவள் கும்பிட்டாள், நடுங்கினாள், நாய் குறுக்கே வந்ததாகச் சொன்னாள். பெட்டி திரும்பவும் வாய் திறந்தபோது அதில் கோபம் இல்லை. இருட்டில் வழி கேட்கிற ஆளின் குரல் மாதிரி இருந்தது.

"கோதையக்கா, யாருங்க அது, என் குரல்ல பேசறது?"